பதறுகிற குதிரையைத் தரையில் நின்றே பழக்குவது எப்படி? (உப்புவெளி)

சுமி_உப்புவெளி

எல்லோருக்கும் வணக்கம். ஆடு, மாடு, கோழி என்றுதான் இங்கே எல்லோரும் எழுதுகிறீர்கள். நான் குதிரையோடு வந்திருக்கிறேன், சிரிக்காமல் வாசியுங்கள்.

திருகோணமலை உப்புவெளியில் கடற்கரைக்கு இரண்டு வளவு தள்ளி எங்கள் வீட்டாருக்கு ஒரு சின்ன விடுதி இருக்கிறது. மாமா நுவரெலியாவில் இருந்து ஒரு பெட்டைக் குதிரையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். சுற்றுலா வருகிறவர்களை ஏற்றி நடத்திய குதிரையாம். ஏழு வயது என்று சொல்லிக் கொடுத்தார்கள், பல்லைப் பார்த்த ஒருவர் பத்துக்கு மேல் இருக்கும் என்கிறார். கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றி நடத்தலாம் என்பது மாமாவின் எண்ணம். இப்போதைக்கு அது நடக்கிற காரியம் இல்லை.

எப்போதும் தலையைத் தூக்கிக்கொண்டே நிற்கிறாள். ஒரு சொப்பிங் பேக் காற்றில் பறந்தால் பக்கவாட்டில் பாய்கிறாள். கரைவலை இழுக்கிற ஆட்களின் சத்தமும் உழவு இயந்திரத்தின் இரைச்சலும் கேட்டால் மூக்கைச் சீறிக்கொண்டு வட்டமடிக்கிறாள். கச்சான் காற்று வீசும்போது காய்ந்த பனையோலை சடசடவென்று அடிக்குமே, அந்த நேரம் சாப்பாட்டைக்கூடத் தொடுவதில்லை. நெற்றியைத் தடவக் கையை நீட்டினால் தலையை உதறுகிறாள், சேணத்தின் வயிற்றுப் பட்டியை இறுக்கினால் திரும்பிக் கடிக்க வருகிறாள். கயிற்றில் நடத்தினால் நான் இழுக்க அவளும் இழுக்கிறாள், அவளுக்குத்தான் பலம் கூட. பின்னேரம் கொட்டிலுக்குள் விடுவது பெரிய போராட்டம், வாசலில் நின்றுவிடுவாள்.

மாமாவின் நண்பர் ஒருவர், வாய்க்குள் இன்னும் கடினமான இரும்பைப் போட்டு இரண்டு அடி போட்டால் எல்லாம் சரியாகும் என்கிறார். எனக்கு மனம் வரவில்லை. வீடியோக்களைப் பார்த்தால் ஒருவர் வட்டக் கூண்டுக்குள் கொடியை ஆட்டி ஆட்டி ஓடவிடுகிறார், இன்னொருவர் ஒன்றும் செய்யாமல் பக்கத்தில் நிற்கிறார், இருவருக்கும் கடைசியில் குதிரை பின்னால் வருகிறது. எதை நம்புவது? மேலே ஏறுகிற கதையே இப்போது வேண்டாம். தரையில் நின்றபடி இவளோடு ஒரு பேச்சுவார்த்தைக்கு வரவேண்டும், அவ்வளவுதான்.

---

பழைய_லாயக்காரன்

தங்கச்சி, அந்த இரண்டு அடி ஆலோசனையை அங்கேயே விட்டுவிடுங்கள். பயந்த குதிரைக்கு வலியும் சேர்ந்தால் அது ஓடப் பார்க்கும், ஓட வழியில்லை என்றால் முன்னங்காலைத் தூக்கும். நான் நுவரெலியாவில் பந்தயக் குதிரை லாயத்தில் வேலை செய்தவன், இப்போது திருமலையில் வந்து இருக்கிறேன், குதிரை இல்லை, வாய் மட்டும் இருக்கிறது, அதனால் நீளமாகத்தான் எழுதுவேன்.

சேணமும் கடிவாளமும் மூலைக்குப் போகட்டும். அகலப் பட்டி வைத்த சாதாரண ஹோல்டர் (வாய்க்குள் இரும்பு இல்லாமல் தலையில் மாட்டுகிற பட்டி) ஒன்று, பன்னிரண்டு அடி பருத்திக் கயிறு ஒன்று, இவ்வளவும் போதும். இடம் உங்கள் வளவு, கடற்கரை பிறகு.

சொப்பிங் பேக் பறந்ததும் பாய்ந்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். பாய்வதற்கு முன்னால் அவள் பலமுறை சொல்லியிருப்பாள், அதைத்தான் நீங்கள் பார்க்கப் பழகவேண்டும். கழுத்து உயரும். இரண்டு காதும் ஒரே பக்கம் குத்திட்டு நிற்கும். மூக்குத் துவாரம் விரிந்து விறைக்கும், கீழுதடும் தாடையும் இறுகும், கண்ணுக்கு மேல் சுருக்கம் விழுந்து கண் கொஞ்சம் முக்கோணமாகத் தெரியும், இமைப்பது குறையும், சிலது மூச்சையே பிடித்துக்கொண்டு நிற்கும். இந்த அடையாளங்களில் முதலாவது வரும்போதே நீங்கள் ஏதாவது செய்யவேண்டும், கடைசியானது வந்த பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை, அந்த நேரம் அவளுக்குப் பாடம் ஏறாது. செய்யவேண்டியது என்ன என்றால் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது, தூரத்தைக் கூட்டுங்கள். பத்து அடியில் காது குத்திட்டு நின்றால் இருபது அடிக்குப் போங்கள். காது தளர்ந்து, தலை இறங்கி, ஒரு நீளமான மூச்சு விடுகிற தூரம் எங்கேயோ இருக்கும். உங்கள் வேலை முழுவதும் அந்த எல்லைக்கோட்டில்தான். கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்ச் சண்டை பிடிக்கிறவர்கள்தான் குதிரை சரிவராது என்று சொல்லி விற்கிறார்கள்.

இழுபறிக்கு வருவோம். குதிரையின் உடம்பு இழுத்தால் எதிர்த்து இழுக்கும், தள்ளினால் எதிர்த்துத் தள்ளும், அது பிடிவாதம் இல்லை. நீங்கள் இழுக்கிற நேரத்தில் அது ஒன்றும் கற்பதில்லை, விடுகிற கணத்தில்தான் கற்கிறது. எதைச் செய்துகொண்டிருக்கும்போது கயிறு தளர்ந்ததோ அதையே அடுத்த முறையும் செய்து பார்க்கும். ஆகவே கயிற்றை விரல்களால் மெல்ல இறுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அவள் எடையைக் கொஞ்சம் உங்கள் பக்கம் சாய்த்தாலே போதும், கால் எடுத்து வைக்கவேண்டும் என்றுகூட இல்லை, அந்த நொடியே முழுக்க விட்டுவிடுங்கள். பிறகு பேசாமல் நில்லுங்கள். திரும்பவும். முதல் நாள் ஒரு அடி வந்தால் அதுவே போதும் என்று கட்டிவிட்டுப் போகலாம். நாம் வழக்கமாகச் செய்கிறது என்ன? அவள் வந்த பிறகும் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டே நடக்கிறோம். நாள் முழுக்க ஹோர்ன் அடித்துக்கொண்டே போகிற பஸ்ஸுக்கு யாரும் விலகுவதில்லை, அந்தக் கதைதான்.

இதே முறையில் தலையை இறக்கவும் பழக்கலாம். காதுக்குப் பின்னால் போகிற ஹோல்டர் பட்டியில் கீழ்நோக்கி ஒரு சின்ன பாரம், அரை அங்குலம் இறங்கினாலும் விடுங்கள். சில நாளில் விரல் பட்டதும் மூக்கு தரைக்குப் போகும். தலை இறங்கியதால் மனம் அமைதியாகிவிட்டது என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன், ஆனால் தலையைத் தூக்கிக் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிற குதிரையிடம் வேறு ஒன்றைக் கேட்பதற்கு இது ஒரு நல்ல வழி.

நெற்றி விஷயம்: குதிரைக்குக் கண் இரண்டும் பக்கத்தில் இருப்பதால் சுற்றிவர ஏறத்தாழ 350 பாகை தெரியும், தெரியாத இடங்கள் நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும்தான். நீங்கள் நேரே வந்து நெற்றியில் கை வைக்கும்போது கை அவளுக்கு மறைந்துபோகிறது. தோளுக்குப் பக்கமாகச் சாய்ந்து வாருங்கள், கண்ணுக்குக் கண் உற்றுப் பார்க்காமல். பிடரிமயிர் முடிந்து முதுகு தொடங்குகிற மேட்டில் சொறிந்துவிடுங்கள், குதிரைகள் ஒன்றையொன்று சொறிகிற இடம் அதுதான். தட்டிக் கொடுக்கிறோம் என்று பட்பட் என்று அடிக்காதீர்கள், அது மனிதருக்குப் பிடித்த விஷயம்.

கொட்டில் வாசலில் நிற்பதும் பிடிவாதம் இல்லை. வெளிச்சத்தில் இருந்து இருட்டுக்குள் பார்வை பழக நம்மைவிடக் குதிரைக்கு நேரம் அதிகம் எடுக்கும். திருமலை வெயிலில் நின்றுவிட்டுத் தகரக் கொட்டிலுக்குள் பார்த்தால் அவளுக்கு அது ஒரு கறுப்பு ஓட்டை. பின்சுவரில் ஒரு தகரத்தைக் கழற்றி வெளிச்சம் விடுங்கள், வாசலில் இரண்டு நிமிடம் நிற்க விடுங்கள், பாதிப் போராட்டம் குறையும்.

வட்டக் கூண்டில் ஓடவிடுவது பற்றிக் கேட்டால் எனக்கு அதில் விருப்பம் இல்லை. ஓடிக் களைத்த குதிரை நின்று உங்களைப் பார்ப்பதற்குக் காரணம், நின்றால் மட்டும்தான் துரத்தல் நிற்கிறது. ஏற்கெனவே பதறுகிற குதிரைக்கு ஓட்டத்தைப் பழக்கித் தராதீர்கள்.

---

மதுரா_கால்நடை

மேலே அண்ணா சொன்னதெல்லாம் சரி, ஆனால் ஒரு படி முந்திப் போய்விட்டார். பட்டியை இறுக்கினால் கடிக்க வருகிறாள் என்றால் முதலில் வலி இருக்கிறதா என்று பாருங்கள். பழக்கத்தால் தீராத பதற்றத்தில் ஒரு பெரிய பங்கு வலிதான்.

குதிரையின் வயிறு சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். நாள் முழுக்கப் புல் மேய்வதற்குப் படைக்கப்பட்ட வயிறு அது. காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று தவிடும் தானியமும் வைத்துவிட்டு நடுவில் வெறும் வயிற்றோடு கட்டிவைத்தால் இரைப்பையில் புண் வரும். அந்தப் புண் உள்ள குதிரைகள் வயிற்றுப் பட்டியை இறுக்கும்போது காட்டுவது சரியாக நீங்கள் எழுதியதைத்தான். உலர்ந்த கணக்கில் உடல் எடையில் குறைந்தது 1.5 சதவீதம் புல் ஒரு நாளைக்கு வேண்டும். 300 கிலோ குதிரை என்றால் 4.5 கிலோ காய்ந்த புல், பச்சைப் புல்லாக இருந்தால் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் அதைப்போல் பல மடங்கு. ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் பிரித்து வையுங்கள்.

அடுத்தது மண். கடற்கரை வளவில் தரையில் கொட்டித் தின்னவிட்டால் மணல் உள்ளே போய்க் குடலில் தேங்கும். சாணத்தில் கொஞ்சம் எடுத்து ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துப் பாருங்கள், அடியில் மணல் படிந்தால் விஷயம் விளங்கிவிடும். றபர் விரிப்பில் அல்லது பெரிய பேசினில் வையுங்கள். மணலுக்கு இசப்கோல் கொடுப்பது உண்டு, ஆனால் அளவை மிருக வைத்தியரிடம் கேட்டுக் கொடுங்கள். பல், குளம்பு, முதுகுத் தசை, சேணம் முதுகில் உட்காரும் இடம், எல்லாவற்றையும் அவர் ஒருமுறை கையால் தடவிப் பார்க்கட்டும். ஏற்பு வலி (டெட்டனஸ்) தடுப்பூசி போட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள், குதிரை அதற்கு மிக இலகுவாக ஆளாகும் மிருகம்.

அவள் மலைநாட்டில் இருந்து வந்தவள், இது இன்னொன்று. வெக்கையும் புழுக்கமும் உள்ள இடத்துக்கு வந்த குதிரைகளில் சிலதுக்கு வியர்ப்பதே நின்றுபோகும். தோல் காய்ந்து கிடக்க மூச்சு மட்டும் வேகமாக வாங்கினால் உடனே நிழலும் தண்ணீரும். வேலை எல்லாம் காலை ஏழு மணிக்கு முன்னால் முடிக்கப் பாருங்கள், உப்புக்கட்டி ஒன்றும் வைத்திருங்கள்.

உங்களுக்கே ஒரு அளவுகோல் வேண்டும் என்றால், சும்மா நிற்கும்போது இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை, மூச்சு 8 முதல் 16 வரை, உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 பாகை வரை. அவளுடைய இடது முன்னங்காலின் முழங்கைக்குப் பின்னால் ஸ்டெதஸ்கோப் வைத்து 15 செக்கன் எண்ணி நாலால் பெருக்குங்கள். அண்ணா சொன்ன அந்த மேட்டில் சொறிந்தால் துடிப்பு இறங்குகிறது என்று 1993 இல் பிரான்சின் கமார்க் குதிரைகளில் அளந்து காட்டியிருக்கிறார்கள், நீங்களும் எண்ணிப் பார்க்கலாம்.

தனியாகவா நிற்கிறாள்? கூட்டத்தில் வாழ்கிற மிருகம், தனியே நின்றால் காவல் வேலை முழுவதும் அவள் தலையில்தான். இன்னொரு குதிரைக்கு வழியில்லை என்றால் ஒரு ஆட்டையாவது கூட விடுங்கள்.

---

றைடர்_திருமலை

மன்னிக்கவும், இதெல்லாம் வாசிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் இப்படிக் கொஞ்சிக்கொண்டு இருந்தால் குதிரை தலைக்கு மேல் ஏறிவிடும். பயப்படுகிற சாமானைக் கழுத்தில் கட்டி மரத்தில் கட்டிவிடுங்கள், ஒரு மணித்தியாலம் துள்ளும், பிறகு பேசாமல் நிற்கும். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளை ஏற்றப்போகிற குதிரைக்கு யார் பெரியவர் என்று தெரியவேண்டும்.

---

பழைய_லாயக்காரன்

தம்பி, நீங்கள் பார்த்தது உண்மைதான், நிற்கும். எப்படி நிற்கிறது என்பதைப் பார்த்தீர்களா? தப்ப வழியே இல்லை என்று கண்ட மிருகம் முயற்சியைக் கைவிட்டு விறைத்துப்போகும், வெளியே பார்க்க அது அமைதி மாதிரித்தான் இருக்கும். வித்தியாசம் கண்டுபிடிக்கக் கஷ்டம் இல்லை. அமைதியான குதிரை இமைக்கும், காது தனித்தனியே அசையும், ஒரு பின்னங்காலைத் தளர்த்தி நிற்கும், கீழுதடு தொங்கும், ஒரு துண்டு கரட் கொடுத்தால் வாங்கித் தின்னும். விறைத்துப்போனது கண்ணைத் திறந்தபடி எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கும், கரட்டை வாயில் வைத்தாலும் மெல்லாது. இந்த இரண்டாவது வகைதான் ஆபத்து. நாலு மாதம் கல்லாக நின்றுவிட்டு ஐந்தாம் மாதம் ஒரு பிள்ளை முதுகில் இருக்கும்போது யாரோ பலூன் வெடித்தால் அதுவரை சேர்ந்ததெல்லாம் ஒரேயடியாக வரும். முன்னறிவிப்பும் இராது, ஏனென்றால் அறிவிப்புக் கொடுத்துப் பயனில்லை என்று நாம்தான் அதற்குப் படிப்பித்தோம்.

மெல்லப் பழக்குவது என்றால் கொஞ்சுவது என்று யார் சொன்னது? உங்கள் மேல் ஏறி மிதித்துக்கொண்டு வந்தால் பின்னால் போ என்று சொல்லத்தான் வேண்டும், ஒவ்வொரு நாளும், ஒரே மாதிரி. இன்றைக்கு விட்டு நாளைக்கு அடிப்பதுதான் குதிரையைக் குழப்புகிறது.

திருமலைக் கோட்டைக்குள் நிற்கிற புள்ளிமான்களைப் பாருங்கள். பஸ்ஸும் முச்சக்கரவண்டியும் கோணேஸ்வரத்துக்குப் போகிற சனமும் பக்கத்தால் போகப் படுத்து அசைபோடுகின்றன. யாரும் கட்டிவைத்துப் பழக்கவில்லை. விலகிப் போக எப்போதும் இடம் இருந்தது, விலகிப் போய்ப் பார்த்தபோது ஒன்றும் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

---

கிண்ணியா_பட்டிக்காரன்

சலாம். குதிரை எனக்குத் தெரியாது, எருமைப் பட்டிதான். கன்று போட்ட எருமையிடம் நேரே போனால் முட்டும், பக்கவாட்டில் போய், நின்று, கொஞ்சம் திரும்பி வந்து, மறுபடி போனால் பால் தரும். லாயக்கார நானா சொல்கிறதும் அதுதான் போல. றைடர் தம்பி ஒரு நாள் வாங்க, எங்கள் பட்டியில் யார் பெரியவர் என்று நீங்களே கேட்டுப் பாருங்கள் 😀

---

ரதி_டீச்சர்

இடையில் ஒன்று. குதிரை நம் உடம்பை எவ்வளவு வாசிக்கிறது என்பதற்கு ஜெர்மனியில் நடந்த ஒரு கதை உண்டு. பேர்லினில் வில்லெல்ம் ஃபொன் ஓஸ்டன் என்பவரிடம் ஹான்ஸ் என்று ஒரு குதிரை இருந்தது. கூட்டல் கழித்தல் கேட்டால் குளம்பால் தட்டிச் சரியான விடை சொல்லும், நாடே வியந்தது. 1907 இல் ஒஸ்கார் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் சோதித்தபோது, கேட்கிறவருக்கே விடை தெரியாவிட்டால் ஹான்ஸுக்கும் தெரியவில்லை. சரியான எண் வந்ததும் கேட்கிறவரின் தலையும் உடம்பும் தம்மை அறியாமலே மிகச் சிறிதாக அசைந்தன, குதிரை அதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்தியது. எதிரே நின்ற மனிதர்கள் யாரும் கவனிக்காத அசைவு அது. சுமி, சொப்பிங் பேக்கைக் கண்டதும் ஐயோ பாயப்போகிறாள் என்று நீங்கள் மூச்சைப் பிடித்துக் கயிற்றைக் குட்டையாகப் பிடிக்கிறீர்களா என்று ஒருமுறை யாரையாவது பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

---

சுமி_உப்புவெளி

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை.

மதுரா அக்கா, வாளியின் அடியில் மணல் இருந்தது, நல்ல தடிப்பாக. வைத்தியர் வந்து பார்த்தார், மணலுக்கு மருந்து எழுதினார், கடைவாய்ப் பல் ஒன்று கூராக வளர்ந்து கன்னத்தை வெட்டியிருக்கிறதாம், அதையும் அராவிவிட்டார். வயிற்றுக்கு மருந்து ஓடுகிறது, சாப்பாட்டைப் பிரித்து வைக்கிறேன். பக்கத்து வளவு ஆடு ஒன்று தானாகவே வந்து கொட்டிலில் படுக்கத் தொடங்கிவிட்டது, சொந்தக்காரரிடம் கதைத்தாயிற்று. கொட்டிலின் பின்தகரத்தைக் கழற்றியதும் மாமா திட்டினார், ஆனால் இப்போது அவரே கூட்டிக்கொண்டு போய் விடுகிறார்.

டீச்சர் சொன்னபடி தம்பியை நிற்க வைத்துப் பார்த்தேன். "அக்கா, அவளைவிட நீதான் முதலில் விறைக்கிறாய்" என்கிறான்.

கயிறு விஷயம் நம்பவே முடியவில்லை, விரலை இறுக்கியதும் வருகிறாள். இப்போது இரண்டு கேள்வி. ஒன்று, தறப்பாள், குடை, சொப்பிங் பேக் இவற்றை எப்படிக் காட்டுவது? எங்கள் விடுதியில் இவை இல்லாத நாளே இல்லை. இரண்டு, கடல். இன்னொன்றும் கேட்கவேண்டும், கயிற்றை விட்டதும் அவள் நாக்கால் உதட்டை நக்கி மெல்லுகிறாள், வீடியோக்களில் அது சம்மதம் சொல்வது என்கிறார்கள், அப்படியா?

---

பழைய_லாயக்காரன்

நக்கி மெல்லுவது பற்றி முதலில். சம்மதம் என்று சொல்ல மாட்டேன். பதற்றத்தில் வாய் காய்ந்து, அது இறங்கும்போது எச்சில் ஊற, அப்போது வருகிறது அது. ஆகவே நல்ல செய்திதான், ஆனால் சற்று முன்னால் பதறியிருந்தாள் என்றும் அதற்குள் இருக்கிறது. ஒரு நாள் வேலையில் ஓரிரு முறை கண்டால் சரி. நிமிடத்துக்கு ஒரு முறை மெல்லுகிறாள் என்றால் நீங்கள் கூடக் கேட்கிறீர்கள். கொட்டாவி, உடம்பை உலுப்புவது, மூக்கால் மெல்ல ஊதுவது, இவற்றுக்கும் இதே கணக்கு.

தறப்பாளை அவளிடம் கொண்டு போகாதீர்கள், அவளை விட்டு அப்பால் கொண்டு போங்கள். தம்பி தறப்பாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் நடக்கட்டும், நீங்கள் அவளோடு நல்ல தூரம் விட்டுப் பின்னால் போங்கள். விலகிப் போகிற சாமானைக் கண்டால் குதிரைக்குப் பயத்தைவிட அறிகிற ஆவல் கூடும். கழுத்து நீளும், காது முன்னுக்கு வரும், அவளாகவே எட்டி நடப்பாள். தூரத்தை அவள் குறைக்கட்டும். மூக்கால் தொட வந்தால் தம்பி நிற்கலாம், தொட்டதும் அவள் விலக விரும்பினால் விலகட்டும், கயிற்றில் பிடித்து வைக்கவேண்டாம், மறுபடி வருவாள். பிறகு அதே தறப்பாளைக் கொஞ்சம் விரித்து, பிறகு சத்தம் வர. ஆட்டிக் காட்டும்போது அவள் அசையாமல் தளர்வாக நிற்கிற கணத்தில் ஆட்டுவதை நிறுத்துங்கள். அவள் துள்ளும்போது பயந்து நிறுத்தினால், துள்ளினால் அது போய்விடும் என்று கற்றுக்கொள்வாள், அதனால்தான் முதலிலேயே அவள் துள்ளாத அளவில் தொடங்கச் சொல்கிறேன்.

இடது பக்கம் பழகியதை வலது பக்கத்திலும் முதலில் இருந்து செய்யவேண்டும். இடப்பக்கம் பார்த்த குடை வலப்பக்கம் வரும்போது பல குதிரைகளுக்குப் புதுக் குடைதான். நடந்து போகும்போது ஒரு பக்கம் சாதாரணமாகக் கடந்த வள்ளத்தைத் திரும்பி வரும்போது கண்டு பாய்ந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

பயங்கள் கூடிக்கொண்டு போகும், இதையும் கவனியுங்கள். காலையில் கோயில் வெடிச் சத்தம், பிறகு புதிய நாய், பிறகு கச்சான். ஒவ்வொன்றும் தனியே அவளால் தாங்கக்கூடியது, மூன்றும் ஒரே நாளில் என்றால் நாலாவதாக வருகிற ஒரு சின்ன ஓலைக்குப் பாய்வாள். அப்படியான நாளில் பாடம் வேண்டாம். புல்லைக் கடிக்க விட்டு, சொறிந்துவிட்டு, வீட்டுக்கு வாருங்கள்.

கடல் கடைசி. கரைவலைக்காரர் இல்லாத நேரமாக, விடிந்ததும், ஆட்டையும் கூட்டிக்கொண்டு போனால்கூடத் தப்பில்லை. தண்ணீருக்கு நேரே நடத்தாதீர்கள், அலை அவளை நோக்கி ஓடி வருவது போலத் தெரியும். கரைக்கு இணையாக, ஈர மணலுக்கு மேலே, அலை பின்வாங்கும்போது ஒரு அடி உள்ளே, வரும்போது வெளியே. வாடைக் காலத்தில் முயற்சியே வேண்டாம், நம் கரை அமைதியாக இருக்கிற மாதங்களில் செய்யுங்கள். எத்தனை வாரம் எடுக்கும் என்று மாமா கேட்பார், தெரியும். அவள் சொல்வாள் என்று சொல்லுங்கள்.

---

மதுரா_கால்நடை

மருந்து முடியும் வரை சேணம் வேண்டாம், மாமாவிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். முடிந்த பிறகும் முதலில் வெறும் துணி, பிறகு பட்டி இல்லாமல் சேணம், அப்படி. அந்தப் பட்டிக்கு அவள் மனதில் ஒரு கணக்கு இருக்கும், வலி போனாலும் அது உடனே போகாது.

இரண்டு பேருக்கும் பாதுகாப்புப் பற்றி யாரும் எழுதவில்லை. பாட்டாச் செருப்போடு குதிரைக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள், மூடிய சப்பாத்து வேண்டும். கயிற்றைக் கையில் சுற்றிப் பிடிக்கக் கூடாது, மடித்துப் பிடியுங்கள், இழுத்தால் கை விடுபடவேண்டும். அவள் பாய்ந்தால் விடுங்கள், வளவுக் கேற் மூடியிருந்தால் போதும். தம்பியை அவள் பின்னால் நிற்கவும் விடாதீர்கள்.

---

சுமி_உப்புவெளி

சப்பாத்து சரி. கயிறுதான் பிரச்சினை. இப்போது பிடிப்பது வள்ளத்து நைலோன் கயிறு, பாய்ந்தால் உள்ளங்கை எரிகிறது. பருத்திக் கயிறு கேட்டால் கடைகளில் சிரிக்கிறார்கள்.

---

றைடர்_திருமலை

மீன்பிடிச் சாமான் கடைகளில் கேட்டால் நைலோன்தான் தருவார்கள் அக்கா. பாய்மரப் படகுக்குப் பாவிக்கிற பின்னல் கயிறு, 14 மில்லிமீற்றர், மெத்தென்று இருக்கும், எரியாது. என்னிடம் பழையது ஒரு சுருள் கிடக்கிறது, பன்னிரண்டு அடிக்கு மேல் வரும். காசு வேண்டாம். சனிக்கிழமை அந்தப் பக்கம் வருவேன், அந்தக் கரட் சோதனையையும் என் கண்ணால் பார்க்கவேண்டும்.